பழவேற்காட்டுப் பாலமும் பகிரப்பட்ட வதந்தியும்

2018 மே 9 அன்று, திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவரது உடல் ஏரிப் பாலத்தில் தொங்கவிடப்பட்டது. மனநலம் பாதிக்கப்பட்ட நிலையில் அப்பகுதியில் சுற்றித் திரிந்தவர் அவர். அவரைக் குழந்தை கடத்த வந்தவர் என்று ஒரு கூட்டம் முடிவு செய்தது. அந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்தவை, வட மாவட்டங்களெங்கும் அந்நாட்களில் வாட்ஸ்அப் வழியாகப் பரவிக்கொண்டிருந்த குரல் பதிவுகளும் காணொளிகளும்தான். வட இந்தியாவிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல்கள் இறங்கியிருப்பதாகவும், தெரியாத முகங்களைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்குமாறும் அவை கூறின. அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பத்தைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார்.

ஆண்டுகள் பல கடந்த பின்னர் இந்நிகழ்வுகளை நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. 'இணையப் பாதுகாப்பு' என்ற சொல் இன்று காவல்துறையின் சுவரொட்டிகளிலும், வங்கிகளின் குறுஞ்செய்திகளிலும், பள்ளி விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் ஒலிக்கிறது. கடவுச்சொல்லைப் பகிராதீர்கள், ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள், பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள் என்பவை அவற்றின் அறிவுரைகள். இவை தேவையானவையே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவரின் ஒரு மாத ஊதியம் ஒரே அழைப்பில் களவு போகுமானால், அக்குடும்பத்திற்கு அது சிறிய இழப்பன்று. சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்தக் கொடுத்துவிட்டு, பின்னர் மோசடி வழக்கில் குற்றவாளியாக நிற்கும் இளைஞர்கள் நம் குடியிருப்புகளிலும் உள்ளனர். கணக்கை வாடகைக்குக் கேட்பவர் எவராயினும், உறவினராகவே இருப்பினும், மறுத்துவிட வேண்டும்.

ஆயினும் பழவேற்காட்டில் கொல்லப்பட்டவர் எந்தக் கடவுச்சொல்லையும் இழக்கவில்லை. கைப்பேசியைக் கையாண்டவர்கள் பிறர், உயிரிழந்தவர் அவர். இணையத்தின் ஆபத்து அதைப் பயன்படுத்துபவரின் கவனக்குறைவால் மட்டுமே வருவது என்று வரையறுத்துவிட்டால், இவரைப் போன்றோர் அந்த வரையறைக்கு வெளியே நிற்பார்கள். அவ்வாறு வெளியே நிற்பவர்கள் யார் என்பதைச் சாதியையும் புலம்பெயர்வையும் தவிர்த்துவிட்டு விளக்க இயலாது.

2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கியபின் தரவுக் கட்டணம் சரிந்தது. கைப்பேசி இணையம் காலனிகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வந்து சேர்ந்தது. கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம் என நெடுஞ்சாலையை ஒட்டி நீளும் தொழிற்பகுதியில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஒரே அறையில் பலராகத் தங்கி உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் வேலை செய்கின்றனர். அவர்களில் கணிசமானோர் தத்தம் மாநிலங்களில் பட்டியல் சாதியினராகவும் பழங்குடியினராகவும் இருப்பவர்கள். அவர்களுக்குக் கைப்பேசிதான் வீடு. ஊதியம் வருவதும் ஊருக்குப் பணம் போவதும் அதன் வழியே. உள்ளூர் தலித் குடும்பங்களுக்கும் சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, வருங்கால வைப்பு நிதி என யாவும் இணையவழியாகிவிட்டன. ஆகவே ஆபத்து இருப்பதால் இணையத்தை விட்டு விலகுங்கள் என்பது நமக்குச் சொல்லத்தக்க அறிவுரை அன்று.

மேலும், இணையம் நமக்குத் தந்தவற்றையும் மறந்துவிடக் கூடாது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டிருந்த ஒரு நிழற்படம் சமூக ஊடகங்களில் பரவியது. நாற்காலியில் மற்றவர்களும் தரையில் தலைவரும் இருந்த அக்காட்சிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், நம் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே தெரிந்து எதிர்ப்பு எழுந்தபின், ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். தோக்கமூரில் பல ஆண்டுகளாக நின்ற தீண்டாமைச் சுவர் 2022 அக்டோபரில் அகற்றப்பட்டதற்குப் பின்னாலும், ஊர் எல்லையோடு முடங்கிப்போக மறுத்த செய்திகளின் அழுத்தம் இருந்தது. முன்பெல்லாம் ஊருக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கக் கூடிய நிகழ்வுகள் இவை.

ஆனால் படத்தையும் குரலையும் ஊர் எல்லை தாண்டிக் கொண்டு செல்லும் அதே வழியில்தான் வதந்தியும் பயணிக்கிறது. 2018இல் இந்தியாவின் பல பகுதிகளில் சுற்றிய குழந்தை கடத்தல் காணொளி ஒன்று, உண்மையில் பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். இருசக்கர வாகனத்தில் வருபவர் குழந்தையைத் தூக்கிச் செல்வதும், பின் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவதும் அதன் காட்சிகள். இரண்டாவது பாதியை வெட்டிவிட்டு முதல் பாதியைப் பரப்பினார்கள்.

இவ்வதந்திகள் எவர்மீது விழுந்தன என்பதைப் பார்க்க வேண்டும். 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தின் ரெய்ன்பாடாவில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் நாத்பந்தி தவரி கோசாவி என்னும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். பிழைப்புக்காக ஊர் ஊராகச் செல்பவர்கள். பழவேற்காட்டில் வீடற்ற ஒரு மனநோயாளி, ரெய்ன்பாடாவில் நாடோடிகள், வேறு இடங்களில் மொழி தெரியாத தொழிலாளர்கள். 'இவர் எங்களவர்' என்று சாட்சி சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லாதவர்களையே வதந்தி தேர்ந்தெடுத்தது. குற்றப் பழங்குடியினர் சட்டம் 1952இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அலைந்து திரிபவன் திருடன் என்ற அச்சட்டத்தின் எண்ணம் நீக்கப்படவில்லை. வாட்ஸ்அப் அந்த எண்ணத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. அதற்கு வேகத்தைக் கொடுத்தது.

இக்கொலைகளுக்குப் பின் இரண்டு நடவடிக்கைகள் வந்தன. வாட்ஸ்அப் நிறுவனம் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வரம்பிட்டது. உச்ச நீதிமன்றம் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் 2018 ஜூலை 17 அன்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஒருவரைக் கும்பல் வன்முறையைத் தடுப்பதற்கான பொறுப்பு அலுவலராக நியமிக்க வேண்டும். வெறுப்புப் பேச்சையும் பொய்ச் செய்தியையும் பரப்புவோர் குறித்துத் தகவல் திரட்டச் சிறப்புப் பணிக்குழு வேண்டும். பரப்புவோர்மீது வழக்குப் பதிய வேண்டும். கும்பல் கொலை வழக்குகளை இயன்றவரை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்றெல்லாம் அத்தீர்ப்பு ஆணையிட்டது. அத்தீர்ப்பின் பெரும்பகுதி கொலைக்கு முந்தைய நாட்களைப் பற்றியது என்பதே அதன் சிறப்பு. வதந்தி பரவத் தொடங்கும் நாளிலேயே அரசின் கடமையும் தொடங்கிவிடுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனம், சாதி, சமூகம், பாலினம், பிறப்பிடம், மொழி போன்ற காரணங்களுக்காகச் செய்யும் கொலையைத் தனிக் குற்றமாக்கியுள்ளது. வரவேற்கத்தக்கது. ஆயினும் வழக்குமன்றத்தில் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை இப்போதே ஊகிக்கலாம்: "மொழிக்காக அடிக்கவில்லை, குழந்தை கடத்துபவர் என்று நினைத்து அடித்தோம்." வதந்தியே தற்காப்பு வாதமாகிவிடும். எனவே, அந்த வதந்தி எவரைக் குறிவைத்தது, அதன் சொற்கள் யாவை என்பதை முதல் தகவல் அறிக்கையிலேயே பதிவு செய்வது அவசியம். செய்தியின் சொற்களில் 'வட இந்தியர்' என்றிருந்தால், கொலைக்கான காரணம் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

2023 மார்ச்சில் வதந்தி எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று சில காணொளிகள் பரவின. அவை பொய்யானவை என்று மாநிலக் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்தது. யூடியூபர் மணிஷ் காஷ்யப் கைது செய்யப்பட்டார். அவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமும் ஏவப்பட்டு, பின்னர் உயர் நீதிமன்றத்தால் அக்காவல் ஆணை ரத்து செய்யப்பட்டது. தடுப்புக் காவல் சட்டங்களால் எந்தத் தெருக்களின் இளைஞர்கள் சிறைக்குப் போகிறார்கள் என்பதை அறிந்தவர்களாகிய நாம், அச்சட்டம் பொய் பரப்பிய ஒருவர்மீது பாய்ந்ததற்காக அதைக் கொண்டாட இயலாது. பொய்ச் செய்திக்குச் சாதாரணக் குற்றவியல் சட்டமே போதுமானது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2018இல் இந்தத் தொழிலாளியைக் காட்டித் தமிழ்க் குடும்பங்களை அச்சுறுத்தினார்கள். 2023இல் தமிழர்களைக் காட்டி இந்தத் தொழிலாளியை அச்சுறுத்தினார்கள். இரண்டு முறையும் அச்சத்தைச் சுமந்தவர் தகரக் கூரை அறையில் இருந்தவர்தான். சிப்காட்டின் தலித் ஒப்பந்தத் தொழிலாளியும் பீகாரின் தலித் தொழிலாளியும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்குபவர்கள் என்பது எந்தப் பகிர்விலும் இடம்பெறவில்லை.

இனி, நேரடியாக நம்மைக் குறிவைக்கும் இணையச் சாதி வசைக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. திருவிழா, விளையாட்டுப் போட்டி, காதல் திருமணம், தலைவர்களின் பிறந்தநாள் என ஏதேனும் ஒன்று நேர்ந்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவிலோ இன்ஸ்டாகிராமிலோ வசை தொடங்குகிறது. புகார் கொடுக்கச் செல்வோர் காவல் நிலையத்தில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவே: "ஃபோன்ல இருந்து அழிச்சிட்டா முடிஞ்சு போச்சே, இதுக்கு ஏன் கேஸு?" சாவடியில் நின்று சொன்னால் குற்றமாகும் ஒரு சொல், திரையில் எழுதினால் குற்றமாகாது என்ற எண்ணம் இன்னும் நிலவுகிறது.

சட்டம் அவ்வாறு கூறவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகின்றன. 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தில் ஏற்றப்பட்ட காணொளியும் பொதுப் பார்வைக்கு உட்பட்டதே என்றது. எவர் அதைத் திறந்து பார்த்தாலும், இழிவுபடுத்தப்பட்டவர் அவ்விடத்தில் இருப்பதாகவே கருத வேண்டும் என்பது அத்தீர்ப்பின் தருக்கம். மறுபுறம், திருச்சி மாவட்டத்திலிருந்து சென்ற கருப்புடையார் வழக்கில் 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம், பிறர் பார்வையில் படாமல் நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்த வசை பொதுப் பார்வைக்கு உட்பட்டதாகாது என்று கூறி வழக்கை ரத்து செய்தது. இவ்விரண்டுக்கும் இடையில்தான் வாட்ஸ்அப் குழு நிற்கிறது. ஊரார் இருநூறு பேர் உள்ள குழுவை நான்கு சுவர் என்று சொல்ல முடியாது என்பது என் கருத்து. ஆனால் இருவருக்கிடையே அனுப்பப்பட்ட தனிச் செய்திக்கு இப்பிரிவுகளை நம்பியிருத்தல் ஆபத்து.

ஷாஜன் ஸ்கரியா வழக்கில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னொரு நிபந்தனையை வலியுறுத்தியது: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பதனால் மட்டும் அவர்மீதான எல்லா அவமதிப்பும் இச்சட்டத்தின்கீழ் வராது, அச்சாதி என்பதற்காகவே இழிவுபடுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். ஒரு யூடியூப் காணொளி பற்றிய வழக்கு அது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்பிணை கிடைத்தது. சாதி, சொல்லப்படாமலே செயல்படும் ஒரு நாட்டில் இந்த அளவுகோல் நமக்குப் பாதகமானது என்ற விமர்சனம் எனக்கு உண்டு. ஆயினும் நடைமுறையில் இதற்கேற்பவே புகார் எழுத வேண்டியுள்ளது. 'சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்' என்ற ஒற்றை வரி போதாது. எழுதப்பட்ட சொல், அச்சொல்லுக்கு நம் பகுதியில் உள்ள பொருள், உடன் இடப்பட்ட படம், முன்னர் நடந்த தகராறு ஆகிய அனைத்தும் புகாரில் இருக்க வேண்டும். வசை ஒரு தனிநபரை நோக்கியதாக இன்றிச் சமூகம் முழுமையையும் நோக்கியதாக இருந்தால் 3(1)(யு) பிரிவைக் கேட்க வேண்டும். அம்பேத்கர் படத்தை இழிவுபடுத்தி வெளியிட்டால் 3(1)(வி) பிரிவு உள்ளது. நடிகை மீரா மிதுன் 2021 ஆகஸ்டில் பட்டியல் சாதியினரைப் பற்றி இழிவாகப் பேசிய காணொளிக்காக இச்சட்டத்தின்கீழ் கைதானது, இணையக் காணொளிக்கும் இச்சட்டம் செல்லும் என்பதைத் தமிழ்நாட்டில் பலரும் அறியச் செய்த நிகழ்வு.

விசாரணை நிலையில் ஒரு சிக்கல் உள்ளது. புகாரைச் சைபர் குற்றப் பிரிவுக்கு அனுப்பிவிட்டால், அங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவுகளோடு முதல் தகவல் அறிக்கை நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். அச்சட்டத்தின்கீழ் ஆய்வாளர் விசாரிக்கலாம். வன்கொடுமை வழக்கையோ, 1995 விதிகளின்படி, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்து துணைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்தால் இரு சட்டங்களின் தேவையும் நிறைவேறும். இதில் புதிர் ஒன்றுமில்லை. 18ஏ பிரிவின்படி வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணையும் தேவையில்லை. வன்கொடுமைப் பிரிவு விடுபட்டால் இழப்பீடும், பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் 15ஏ பிரிவு தரும் பாதுகாப்பும் சேர்ந்தே விடுபட்டுவிடும் என்பதால், எந்தப் பிரிவு போடப்பட்டது என்பதை முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி அன்றே பார்த்துவிட வேண்டும். நகல் இலவசம்.

சான்று பற்றி. அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக ஏற்க உரிய சான்றிதழ் கட்டாயம் என்றும், மூலக் கருவியையே உரிமையாளர் முன்வைத்தால் அது தேவையில்லை என்றும் கூறியது. இன்று அச்சான்றிதழ் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்கீழ் வருகிறது. ஆகவே வசைச் செய்தி வந்த கைப்பேசியை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், 'ரீசெட்' செய்யாதீர்கள். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறும் முன் உரையாடலை ஏற்றுமதி செய்து வையுங்கள். திரைப்பிடிப்பில் நாளும் நேரமும் அனுப்பியவரின் எண்ணும் தெரிய வேண்டும். இணைப்பு முகவரியைத் தனியே எழுதி வையுங்கள். பெண்களின் மாற்றியமைக்கப்பட்ட படமாயின், கண்டனம் தெரிவிக்கும் பொருட்டுக்கூட அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள்; அனுப்புவதும் குற்றமாகலாம். நீக்கப்பட்ட பதிவை 180 நாட்கள் சேமித்து வைக்கும் கடமை 2021 விதிகளின்படி நிறுவனங்களுக்கு உண்டு. பஞ்சாயத்துப் பேசிப் பேசி அந்நாட்களைக் கழித்துவிட்டால், பின்னர் கேட்டுப் பெற ஒன்றும் இராது.

மின்னணுச் சான்றின் வலிமைக்குக் கோகுல்ராஜ் கொலை வழக்கைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 2015 ஜூனில் அந்த ஆணவக்கொலை நடந்தபின், தலைமறைவாக இருந்த யுவராஜ் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார். அவற்றைப் பகிர்ந்து மகிழ்ந்தவர்களும் இருந்தனர். ஆனால் வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தபோது, திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மிரட்டலுக்கு அஞ்சி மனிதர்கள் மாறக்கூடிய வழக்குகளில், முறையாகக் கைப்பற்றப்பட்ட ஒரு பதிவு எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு அத்தீர்ப்பு சான்று.

திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியவை சில. பூனாவாலா தீர்ப்பின்படியான பொறுப்பு அலுவலர் யார் என்பது, தொலைபேசி எண்ணுடன், சிப்காட் வாயில்களிலும் செங்கல் சூளைகளிலும் தமிழ், இந்தி, ஒடியா, தெலுங்கு மொழிகளில் எழுதப்பட வேண்டும். வதந்தி பரவும்போது காவல்துறையின் மறுப்பும் அம்மொழிகளிலேயே வர வேண்டும். தமிழில் மட்டும் வெளியிடப்படும் மறுப்பு, அச்சத்தில் இருக்கும் ஒடிசாக் குடும்பத்திற்குப் பயன்படாது. 1930-ஐ எழுதும் சுவர்களில், வன்கொடுமைகளுக்கென 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட தேசிய உதவி எண்ணான 14566-ம் இடம்பெறட்டும். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. அடுத்த கூட்டத்தில், இணையவழிச் சாதி வசை குறித்து எத்தனை புகார்கள் வந்தன, அவற்றில் எத்தனைக்கு வன்கொடுமைப் பிரிவு சேர்க்கப்பட்டது என்ற இரண்டு எண்களைக் காவல்துறை தனியே முன்வைக்க வேண்டும் என்று குழுவின் உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்கலாம். அந்த எண்கள் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால், அதன் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் பெறலாம்.